32 கிலோபைட்டுக்குள் ஓர் ஆடு புலி ஆட்டம்

ஆறாவது ஆட்டைப் புலி வெட்டவில்லை. ஆனாலும் அது திரையில் இல்லை. ஒரே வரிசையில் ஐந்து காய்கள் வரை ஒழுங்காக நின்றன. ஆறாவது காயை வைத்தவுடன் அது மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. நினைவகத்தைத் திறந்து பார்த்தால் ஆடு தன் இடத்திலேயே இருந்தது. நகர்த்தினால் விதிப்படி நகரவும் செய்தது. இரண்டு மாலைகளை அந்த ஆட்டைத் தேடுவதில் கழித்த பிறகுதான், தொடக்கத்தில் படித்துவிட்டு அலட்சியமாகத் தாண்டிச் சென்ற ஒரு வரி நினைவுக்கு வந்தது: கேம் பாய் என்ற கையடக்க ஆட்டக் கருவி, திரையின் ஒரு கிடைக்கோட்டில் பத்து ஸ்பிரைட்டுகளுக்கு (பின்னணியின் மேல் தனியே நகரும் சிறு படங்களுக்கு) மேல் வரையாது.

நின்டெண்டோ நிறுவனம் 1989 ஏப்ரல் 21 அன்று ஜப்பானில் வெளியிட்ட முதல் கேம் பாய்க்காக ஓர் ஆட்டத்தை எழுதி, அதை ஒரு கேட்ரிட்ஜில் ஏற்றி, அசல் கருவியில் செருகி ஆட வேண்டும் என்பது எனது நெடுநாள் ஆசை. (எங்கள் தெருவில் அதைக் 'கேசட்' என்றே சொல்வோம், அந்தப் பழக்கத்தை இந்தக் கட்டுரைக்காக மட்டும் விட்டுவிடுகிறேன்.) கணினியில், அந்தக் கருவியைப் போலவே நடிக்கும் எமுலேட்டர் என்ற மென்பொருளில் ஓடினால் போதும் என்றால் வேலை பாதியாகக் குறைந்திருக்கும். ஆனால் எமுலேட்டர் மன்னித்துவிடும் பிழைகளை அசல் கருவி மன்னிப்பதில்லை என்பதை, இந்த வேலை முடிவதற்குள் மூன்று முறை கற்றுக்கொண்டேன். முதலாவது பாடம் அந்த ஆடு அல்ல. அதை எமுலேட்டரும் ஒளித்தே வைத்தது. அது என் வாசிப்புக்குக் கிடைத்த தண்டனை.

தொடங்கும்போதே எனக்கு நானே ஒரு விதி போட்டுக்கொண்டேன்: ஆட்டம் முழுவதும் 32 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். கேம் பாயின் செயலி, கேட்ரிட்ஜின் ரோமுக்கென (ஆட்டம் பதிந்திருக்கும் அழியா நினைவகத்துக்கென) ஒதுக்கியிருக்கும் முகவரி வெளி அவ்வளவுதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் 16 கிலோபைட் பகுதிகளை மாற்றி மாற்றிக் காட்டும் கட்டுப்பாட்டுச் சிப் ஒன்று கேட்ரிட்ஜுக்குள் இருக்க வேண்டும். எம்பிசி1, எம்பிசி3, எம்பிசி5 என்றெல்லாம் அழைக்கப்படுபவை அவையே. 32 கிலோபைட்டுக்குள் நின்றுவிட்டால் கேட்ரிட்ஜில் ஒரே ஒரு சிப் போதும். கருவியோடு சேர்த்தே விற்கப்பட்டு உலகெங்கும் பரவிய டெட்ரிஸ் கேட்ரிட்ஜ்கூட 32 கிலோபைட்தான். ஆகவே இடம் போதவில்லை என்று புலம்ப எனக்கு உரிமையில்லை.

கருவியைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். ஷார்ப் நிறுவனம் செய்த 8 பிட் செயலி, வினாடிக்கு ஏறத்தாழ 41.9 லட்சம் துடிப்புகளில் ஓடுகிறது, பணிக்கு 8 கிலோபைட் ராம், படத்துக்கு 8 கிலோபைட் ராம், 160க்கு 144 பிக்சல் திரை, நான்கு சாயல்கள். அதே ஆண்டில் வந்த அடாரி லின்க்ஸ் வண்ணத் திரையோடு வந்து ஆறு பேட்டரிகளை விழுங்கியபோது, கேம் பாய் நான்கே பேட்டரிகளில் பல மணி நேரம் ஓடியது. நன்கு பழகி விலை மலிந்துவிட்ட தொழில்நுட்பத்தைப் புதிய கோணத்தில் பயன்படுத்த வேண்டும் என்ற, நின்டெண்டோவின் வடிவமைப்பாளர் கன்பெய் யோக்கோயின் கொள்கை அதற்குப் பின்னால் இருந்தது. பின்னர் வந்த கேம் பாய் கலரையும் சேர்த்து 11 கோடியே 86 லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள் விற்றன என்பதால், பழுதில்லாத ஒன்றைத் தேடிப் பிடிப்பது இன்றும் கடினமான காரியமில்லை.

இதற்கு நிரல் எழுத இன்று மூன்று வழிகள் பரவலாக உள்ளன. ஜிபி ஸ்டூடியோ என்ற மென்பொருளில் நிரலே எழுதாமல், படங்களையும் நிகழ்ச்சிகளையும் கோத்து ஆட்டம் செய்யலாம். ஜிபிடிகே-2020 கொண்டு சி மொழியில் எழுதலாம். ஆர்ஜிபிடிஎஸ் கொண்டு, செயலியின் கட்டளைகளை ஒவ்வொன்றாக எழுதும் அசெம்பிளி மொழியில் எழுதலாம். கதை சொல்லும் ஆட்டம் செய்ய விரும்புபவர்களுக்கு முதல் வழியையே பரிந்துரைப்பேன். ஆனால் அதன் வெளியீடு கட்டுப்பாட்டுச் சிப் இருக்கும் கேட்ரிட்ஜை எதிர்பார்ப்பதால் என் விதிக்கு அது ஒத்துவரவில்லை. சி மொழி எனக்குப் பழக்கமானது என்றாலும், எந்த வரி எத்தனை சுழற்சிகளை (செயலியின் நேரத்தை அளக்கும் அலகு) எடுத்துக்கொள்கிறது என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்ற ஆசையில் அசெம்பிளியைத் தேர்ந்தேன். இந்தச் செயலியை, இசட்80 என்ற பழைய புகழ்பெற்ற செயலி என்றே பலர் சொல்வதுண்டு. உறவினர்தான், ஆனால் அதிலிருக்கும் பல பதிவகங்களும் (எண்களை வைத்துக்கொள்ளும் சிறு இடங்கள்) கட்டளைகளும் இதில் இல்லை, இதற்கென்றே உரியவை சில உண்டு. இசட்80 புத்தகத்தை வைத்துக்கொண்டு தொடங்குபவர் முதல் வாரத்திலேயே குழம்பிப் போவார். 1995இல் ஒருவர் தொகுத்து வெளியிட்டு, பின்னர் பலர் திருத்தி விரித்த 'பேன் டாக்ஸ்' ஆவணமே இத்துறையின் நிகண்டு. நான் தாண்டிச் சென்ற வரியும் அதில்தான் இருந்தது.

ஆட்டுக்கு வருகிறேன். ஆடு புலி ஆட்டப் பலகையில் 23 முனைகள்: உச்சியில் ஒன்று, அதன்கீழ் மூன்று வரிசைகளில் ஆறு ஆறாகப் பதினெட்டு, அடியில் நான்கு. மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். 16க்கு 16 பிக்சல் அளவுள்ள ஒரு காய்க்கு, உயரமான ஸ்பிரைட் வகையில் இரண்டு வேண்டும். பதினெட்டுக் காய்களுக்கு 36. கருவி ஒரே நேரத்தில் தரும் ஸ்பிரைட்டுகள் 40. மீதி நான்கில் இரண்டு, தேர்வுக்குறிக்கு. தாளில் கணக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஆறு முனைகள் உள்ள வரிசை நிரம்பும்போது அந்தக் கோடுகளில் பன்னிரண்டு ஸ்பிரைட்டுகள் வந்துவிடுகின்றன. பட்டியலில் முதலில் வரும் பத்தை மட்டும் கருவி வரைந்துவிட்டு மற்றவற்றைக் கைவிடுகிறது.

காய்களை முறை வைத்து மினுக்கி இதைச் சமாளிப்பவர்கள் உண்டு. பறக்கும் குண்டுகளுக்கு அது பொருந்தும்; அசையாமல் நிற்கும் ஆடு மினுக்கினால் கண்ணுக்கு நோவு. ஆகவே நிற்கும் காய்களை எல்லாம் பின்னணிப் படமாகவே மாற்றினேன். நகரும் காய் மட்டும், நகரும் அந்த அரை வினாடிக்கு ஸ்பிரைட்டாகிறது. பின்னணி 8க்கு 8 பிக்சல் டைல்களால் ஆனது. எனவே முனைகள் எல்லாம் எட்டின் மடங்குகளில் அமைய வேண்டும். திரையின் அடியில் இரண்டு வரி எழுத்துக்கு 32 பிக்சல் ஒதுக்கியபின் பலகைக்கு 112 பிக்சல் உயரம் எஞ்சியது. ஐந்து வரிசைகளையும் 24 பிக்சல் இடைவெளியில் வைத்தால் கடைசிக் காயின் அடிவிளிம்பு மிகச் சரியாக 112இல் முடிகிறது. இத்தகைய தற்செயல்களுக்காகவே மனிதர்கள் இந்தக் கருவிகளை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சில நேரம் தோன்றும். உச்சிக்குக் கீழுள்ள வரிசையில் நடு நான்கு முனைகளும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கின்றன. அந்த நெருக்கடியைத் தீர்க்க வழியில்லை, விட்டுவிட்டேன்.

எனக்கு மிகுந்த மகிழ்ச்சியையும் தலைவலியையும் ஒருங்கே கொடுத்தது எழுத்துதான். 'ஆட்டை வையுங்கள்', 'புலியின் முறை' என்பவற்றைத் தமிழில் காட்டாவிட்டால் இந்த ஆட்டத்தை எழுதியே பயனில்லை. ஆங்கில எழுத்துகள் ஒரு டைலுக்கு ஒன்றாக அடங்கிவிடும். அதனால் பெரும்பாலான கேம் பாய் ஆட்டங்களுக்கு எழுத்து என்பது வெறும் டைல் எண்களின் வரிசை. எட்டுப் பிக்சல் அகலத்தில் ன, ண இரண்டையும் எழுதிப் பாருங்கள். சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இரண்டுமே கறையாகிவிடும். எனவே 16 பிக்சல் உயரத்தில், எழுத்துக்கு எழுத்து மாறும் அகலத்தில் வரைவதென்று முடிவெடுத்தேன்: ர ஆறு பிக்சலில் அடங்குகிறது, ண பதின்மூன்று கேட்கிறது.

247 எழுத்துகளையும் தனித்தனியே, எழுத்துக்கு 32 பைட் வீதம் சேமித்தால் 7,904 பைட் போய்விடும். அதாவது மொத்த ரோமில் கால்வாசிக்குச் சற்றே குறைவு. உறுப்புகளாகப் பிரித்துச் சேமித்தால் கணக்கு வேறு. உயிர் 12, ஆய்தம் 1, அகர உயிர்மெய் 18, வடிவமே மாறிவிடும் உகர ஊகார வரிசைகளுக்கு 36, இவற்றோடு கால், கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி, இகர ஈகார விசிறிகள், புள்ளி என ஏழு. ஆக 74 வடிவங்கள், 2,368 பைட். இங்கே 1978இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்துக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். ணா, றா, னா, லை, ளை உள்ளிட்ட 13 எழுத்துகள் அதற்கு முன் தமக்கென்று தனி வடிவம் கொண்டிருந்தன. சீர்திருத்தத்துக்குப் பின் அவையும் மற்றவற்றைப் போல உறுப்புகளை ஒட்டி எழுதப்படுகின்றன. அச்சுக்கோப்பவரின் சிரமத்தைக் குறைத்த அதே மாற்றம் என் ரோமிலும் சில நூறு பைட்டுகளை மிச்சப்படுத்தியது.

யூனிகோடு வரிசையிலும் ஒரு சிக்கல் உண்டு. 'கெ' என்பதில் கொம்பு கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. கோப்பில் ககரத்துக்குப் பின்னால் நிற்கிறது. 'கோ' என்றால் குறி இரண்டாகப் பிளந்து ககரத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். இதையெல்லாம் கேம் பாயிடம் விடுவது கொடுமை. ஆகவே, கணினியிலேயே ஒரு சிறு பைத்தான் நிரல் வாசகங்களைக் கண்ணுக்குத் தெரியும் வரிசைக்கு மாற்றி, வடிவ எண்களாக எழுதிக் கொடுத்துவிடுகிறது. கருவி இடமிருந்து வலமாக ஒட்டிக்கொண்டே போனால் போதும். வாசகங்களில் வராத வடிவங்களை அதே நிரல் நீக்கியும் விடுகிறது.

ஒட்டுவதற்கும் நேரம் பார்க்க வேண்டும். திரையில் கோடு வரையப்படும் நேரத்தில் பட நினைவகத்தின் கதவு மூடியிருக்கும். அப்போது எழுதினால் எழுதியது காற்றோடு போகும். ஒரு முழுப் படத்துக்கு 154 கோடுகள். அவற்றில் 144 கண்ணுக்குத் தெரிபவை. மீதிப் பத்துக் கோடுகளின் நேரமே, விபிளாங்க் எனப்படும் அந்த இடைவேளையே, நிம்மதியாக எழுதக் கிடைப்பது. கோட்டுக்கு 114 சுழற்சிகள் என்றால் மொத்தம் 1,140. அதில் 160, ஸ்பிரைட் பட்டியலை நகலெடுப்பதற்குப் போகும். ஒரு பைட்டை எடுத்து, வைத்து, அடுத்ததற்கு நகர ஆறு சுழற்சிகள். எண்ணிக்கையைக் குறைத்துத் திரும்பித் தாவ இன்னும் நான்கு. ணகரம் போன்ற அகலமான எழுத்து டைல் எல்லையில் குறுக்கே விழுந்தால் ஆறு டைல்களைத் தொடும்; அதாவது 96 பைட், 960 சுழற்சிகள். எஞ்சியிருப்பதோ 980. அந்த இருபது சுழற்சிகளுக்குள் நடக்கும் வேலையை நிறுத்திவிட்டு இந்த வேலைக்குத் தாவும் குறுக்கீட்டுக்கான சடங்குகளை முடிக்க முடியாது.

என் முதல் வடிவில் சில ணகரங்களின் கீழ்ப்பகுதி மட்டும் அவ்வப்போது உதிர்ந்தது இதனால்தான். நான் அப்போது பயன்படுத்திய பழைய எமுலேட்டர் ஒன்று இந்தக் கதவைக் கண்டுகொள்ளாமல் எல்லாவற்றையும் எழுத விட்டதால், பிழை பல நாட்கள் மறைந்தே கிடந்தது. துல்லியத்துக்குப் பெயர் பெற்ற சேம்பாய் என்ற எமுலேட்டருக்கு மாறிய அன்றே வெளிப்பட்டது. தீர்வு எளியது: சுழலை விரித்து, தாவலே இல்லாமல் 96 முறை அடுக்கி எழுதிவிட்டேன். ரோமில் கொஞ்சம் இடம் போயிற்று. நேரம் 576 சுழற்சிகளாகக் குறைந்தது. ஒரு படத்துக்கு ஓர் எழுத்து என்ற கணக்கில் வாசகம் தட்டச்சு செய்வதுபோல் ஓடி வருகிறது. அது அழகுக்காகச் செய்தது என்று நண்பர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

புலியின் மூளையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பெருக்கல் கட்டளை இல்லாத செயலி. ஆனால் இந்த ஆட்டத்துக்குப் பெருக்கல் வேண்டியதும் இல்லை. ஒவ்வொரு முனைக்கும் அண்டை முனைகளையும் தாவும் முனைகளையும் அட்டவணையாக எழுதிவைத்து, இரண்டு நகர்வுகள் முன்னே பார்க்கிறது. சமமான நகர்வுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க, வினாடிக்கு 16,384 முறை தானாக ஏறும் ஒரு பதிவகத்தின் மதிப்பை, ஆடுபவர் தொடக்கப் பொத்தானை அழுத்தும் கணத்தில் எடுத்து வைத்துக்கொள்கிறேன். நன்றாக ஆடத் தெரிந்த பாட்டி ஒருவர் இந்தப் புலிகளைப் பத்து நிமிடத்தில் கட்டிவிடுவார்.

இனி கேட்ரிட்ஜ். கருவியை இயக்கியதும் அதற்குள்ளேயே இருக்கும் 256 பைட் தொடக்க நிரல், கேட்ரிட்ஜின் 0104 என்ற பதினாறடிமான முகவரியிலிருந்து 48 பைட்டுகளைப் படித்து நின்டெண்டோ சின்னமாகத் திரையில் இறக்குகிறது. பிறகு அவற்றைத் தன்னிடமுள்ள பிரதியோடு ஒப்பிடுகிறது. ஒரு பிட் மாறினாலும் அங்கேயே நின்றுவிடும். தொடர்ந்து வரும் தலைப்புப் பகுதியின் 25 பைட்டுகளுக்கும் ஒரு கூட்டுச் சரிபார்ப்பு உண்டு. வணிகச் சின்னத்தைப் பூட்டாகப் பயன்படுத்தும் இந்தத் தந்திரத்துக்கு நெருங்கிய ஒன்று நீதிமன்றம் வரை போயிருக்கிறது: சேகா நிறுவனம், தன் கருவிக்கு உரிமம் பெறாமல் ஆட்டம் செய்த அக்கோலேட் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1992இல் அக்கோலேடுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கேம் பாய் அந்தப் பைட்டுகளைக் காட்டுவதற்கு ஒரு முறையும் ஒப்பிடுவதற்கு மறுமுறையும் படிப்பதால், முதல் வாசிப்பில் தங்கள் சொந்தச் சின்னத்தையும் இரண்டாவதில் அசலையும் நீட்டிய உரிமம் பெறாத கேட்ரிட்ஜுகளும் அந்தக் காலத்தில் இருந்தன. நான் அவ்வளவு கெட்டிக்காரனில்லை. ஆர்ஜிபிடிஎஸ் தொகுப்பில் வரும் சிறு நிரல் தலைப்பு முழுவதையும் நிரப்பிக் கொடுத்தது, பயன்படுத்திக்கொண்டேன்.

மின்சுற்று, எனக்குத் தெரிந்தவற்றுள் மிக எளிமையானது. கேட்ரிட்ஜின் விளிம்பில் 32 தொடுமுனைகள்: மின்சாரம், தரை, பதினாறு முகவரிக் கம்பிகள், எட்டுத் தரவுக் கம்பிகள், சில கட்டுப்பாட்டுக் கம்பிகள். 5 வோல்ட்டில் இயங்கும் எஸ்எஸ்டி39எஸ்எஃப்010ஏ என்ற ஃபிளாஷ் சிப்பை எடுத்துக்கொண்டேன்; 128 கிலோபைட் கொண்டது, எனக்கு அதில் கால்பங்கு போதும் என்பதால் சிப்பின் மேல் இரண்டு முகவரிக் கால்களையும் தரையோடு இணைத்துவிட்டேன். ரோம் முகவரிகள் எல்லாவற்றிலும் கருவியின் ஏ15 கம்பி தாழ்ந்திருப்பதால், அதையே சிப்பின் தேர்வுக் காலில் கொடுத்துவிடலாம், வாசிப்புக் கம்பியை வெளியீட்டுக் காலில், எழுதும் காலை 5 வோல்ட்டோடு கட்டிவிட வேண்டும், ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். முடிந்தது.

முடிந்திருக்க வேண்டும். கைகேட் என்ற மென்பொருளில் வரைந்து, 0.8 மில்லிமீட்டர் தடிமனில் ஐந்து மின்சுற்றுப் பலகைகளைச் செய்யக் கொடுத்து வாங்கினேன். பலகையைச் செருகும் முன் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கும் பழக்கத்தை எனக்குக் கற்பித்தவர் எங்கள் ஊர் வானொலி பழுதுபார்ப்பவர். அந்தப் பழக்கம்தான் கருவியைக் காப்பாற்றியது. தொடுமுனைகளை நான் பலகையின் மறுபக்கத்திலிருந்து பார்ப்பதுபோல் எண்ணியிருந்தேன். முதல் முனை மின்சாரம், முப்பத்திரண்டாவது தரை. என் பலகையில் இரண்டும் இடம் மாறி நின்றன. செருகியிருந்தால் புகைதான். ஐந்து பலகைகளும் இப்போது மேசையில் தேநீர்க் கோப்பைக்கு அடியில் போடப் பயன்படுகின்றன.

இரண்டாம் தொகுப்பு சரியாக வந்தது. சோதனைக்காக ஸாக்கெட் வைத்த பலகையில் சிப்பைப் பொருத்தி, மேலோடு இல்லாமலே கருவியில் செருகினேன். சின்னம் இறங்கியது, அந்த மணியோசையும் வந்தது. அடுத்துத் திரையில் வந்த ஆட்டப் பலகையில், காலியாக இருக்க வேண்டிய முனைகளில் ஆடும் புலியும் அல்லாத குப்பை உருவங்கள் நின்றன. அணைத்துப் போட்டால் வேறு முனைகளில் வேறு குப்பை. எமுலேட்டரில் ஒருமுறைகூட நேராதது இது. காரணம் தெரிந்தபோது வெட்கமாக இருந்தது: 23 முனைகளின் நிலையை வைத்திருக்கும் பைட்டுகளை நான் தொடக்கத்தில் சுழியாக்கவே இல்லை. என் எமுலேட்டர் அமைப்பில் ராம் சுழிகளோடு தொடங்கியது; அசல் கருவியில் மின்சாரம் வந்தவுடன் ராமில் எது இருக்கிறதோ அது இருக்கும். பிஜிபி என்ற எமுலேட்டரில், எழுதப்படாத ராமை வாசித்தால் நிறுத்திக் காட்டும் அமைப்பு உண்டு. அதை முதல் நாளே போட்டு வைத்திருக்க வேண்டும்.

மேலோட்டுக்காகப் பழைய ஆட்டம் ஒன்றைப் பலி கொடுக்க எனக்கு மனமில்லை; புதிதாக வார்த்து விற்கப்படும் ஓடுகளையே வாங்கினேன். ஸாக்கெட் வைத்த பலகை அதற்குள் மூடவில்லை. ஆகவே மூன்று பலகைகளில் தட்டையான வகைச் சிப்பை, நிரலை ஏற்றிய பிறகு, நேரடியாகப் பற்றவைத்தேன். பற்றவைத்த பின் திருத்த வேண்டுமென்றால் சிப்பைச் சூடாக்கி எடுத்தாக வேண்டும் என்பதால், அதற்கு முன் இரண்டு வாரங்கள் வீட்டில் எல்லோரையும் ஆட வைத்துப் பிழை தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. 3.8 மில்லிமீட்டர் திருகாணியை இறுக்கி, ஒட்டுப்படம் ஒட்டி, ஒன்றைத் தமிழாசிரியரான நண்பருக்குக் கொடுத்தேன்.

முதல் ஆட்டத்திலேயே அவர் புலிகளைக் கட்டிவிட்டார். திரையில் ஓடி வந்த வாசகத்தைப் பார்த்து, 'புலி அடைப்பட்டது என்று இருக்கிறதே, அடைபட்டது அல்லவா?' என்றார். மிகையான அந்தப் 'ப்' கணினியிலுள்ள வடிவில் அன்றிரவே நீங்கியது. மூன்று கேட்ரிட்ஜுகளில் அது இன்னும் இருக்கிறது. தலைப்புச் சரிபார்ப்பு வாசகங்கள் வரை நீள்வதில்லை, ரோம் முழுவதற்குமான கூட்டுத்தொகையைக் கருவி பார்ப்பதே இல்லை.